ஞாயிறு மாலை ஒரு முழு ஆல்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் எங்கள் வீட்டு முன்கூடத்தில், மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு மாலை, நண்பர்கள் சிலர் கூடி ஒரே ஓர் இசை ஆல்பத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை கேட்கிறோம். புதிதாக வர விரும்புகிறவர்கள் தொலைபேசியில் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள். அவசரத்தில் பாதி பதில் சொல்லி நிறுத்துவதில் எனக்கு மனநிறைவு இல்லை. அதனால் நிதானமாக உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

அங்கே என்ன நடக்கும்?

ஒவ்வொரு மாதமும் ஒருவர் முறை. இப்போது தன் வீட்டில் விரும்பிக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆல்பம் ஒன்றை அவர் கொண்டுவருகிறார். ரெக்கார்டு, சிடி, கணினிக் கோப்பு எதுவானாலும் சரி. ஓடவிடுவதற்கு முன் இரண்டு நிமிடம் பேசுகிறார். பிறகு முதல் பக்கம் முடியும் வரை யாரும் பேசுவதில்லை. தட்டைத் திருப்பும் இடைவேளையில் காபி. இரண்டாம் பக்கம் முடிந்த பின் பேச்சு தொடங்கும். சில நாள் இரவு ஒன்பது மணி வரை நீளும். கட்டணம் இல்லை. பன்னிரண்டு பேருக்கு மேல் கூடம் தாங்காது என்பதால் வருவதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பிடித்த ஒரு பாட்டை மட்டும் போட்டுக் கேட்டால் போதாதா?

கச்சேரிக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. வர்ணத்தில் குரலையும் சபையையும் பதப்படுத்தி, சிறிய கிருதிகளில் விறுவிறுப்புக் கூட்டி, பிரதான உருப்படியில் ஆழத்துக்குப் போய், துக்கடாக்களில் மெல்ல இறக்கிவிட்டு, மங்களத்தில் முடிக்கிறார்கள். தனி ஆவர்த்தனத்தை மட்டும் வெட்டி எடுத்துக் கேட்டால் அதில் திறமை தெரியும். ஒன்றரை மணி நேரம் அந்த மிருதங்கத்தோடு உடன் இருந்துவிட்டு அதே தனியைக் கேட்டால் கண் கலங்கும். வாசிப்பு ஒன்றுதான், அதற்கு முன்னால் நாம் எங்கே இருந்தோம் என்பதுதான் வேறு.

ஒலிப்பதிவுக்கு இந்த வாய்ப்பு வெகு காலம் இருக்கவில்லை. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டின் ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிடத்தில் தீர்ந்துவிடும். 1902-இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் ஒலிப்பதிவுக்காகப் பாடியபோது, மணிக்கணக்கில் விரிக்கக்கூடிய ஒரு ராகத்தை அந்தச் சில நிமிடத்துக்குள் மடித்துக் கொடுத்து, கடைசியில் தன் பெயரையும் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்க வேண்டியிருந்தது. நீண்ட படைப்புகளைப் பல தட்டுகளாகப் பிரித்து, கெட்டி அட்டை போட்ட புத்தகத்தின் தாள் உறைகளில் செருகி விற்றார்கள். பார்க்கப் புகைப்பட ஆல்பம் போலவே இருக்கும். நம் வீட்டுக் கல்யாண ஆல்பமும் இசை ஆல்பமும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்வது அதனால்தான். 1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் எல்பியை வெளியிட்ட பிறகு, ஒரு பக்கத்திலேயே இருபது நிமிடத்துக்கு மேல் தடையில்லாமல் கேட்க முடிந்தது. அந்த நீளத்தை மனதில் வைத்து இசையமைப்பவர்கள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள்.

நம் நாட்டில் அந்த நீளத்தை மிக அழகாகப் பயன்படுத்திய தட்டு என்று நான் கருதுவது 1967-இல் எச்.எம்.வி. வெளியிட்ட 'கால் ஆஃப் த வேலி'. சிவகுமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌரசியாவின் புல்லாங்குழல், பிரிஜ் பூஷண் காப்ராவின் கிதார். காஷ்மீரத்து இடையன் ஒருவனின் ஒரு நாள்தான் கதை. விடியலுக்கு ஆஹிர் பைரவ், நம் சக்கரவாகத்தின் சாயல் கொண்டது. பொழுது சாயும்போது பூப், அதாவது நம் மோகனம். பிறகு தேஷ், கடைசியில் பஹாடி. இதில் பஹாடியை மட்டும் எடுத்துப் போட்டால் இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் விடியற்காலையிலிருந்து அவனோடு நடந்து வந்தவர்களுக்கு அது இரவாகக் கேட்கும். எங்கள் கூடத்தில் அது முடிந்தபோது ஐந்து நிமிடத்துக்கு யாரும் விளக்கைப் போடவில்லை.

முதல்முறை வருகிறேன். எனக்கு மேற்கத்திய இசையும் தெரியாது, இந்துஸ்தானியும் தெரியாது. எங்கே தொடங்கலாம்?

'எ மீட்டிங் பை த ரிவர்'. புதியவர்கள் வரும் மாதத்தில் என் முறை என்றால் பெரும்பாலும் இதைத்தான் எடுப்பேன். கிதாரிலிருந்து உருவான மோகன வீணை வாசிக்கும் விஸ்வமோகன் பட்டும் அமெரிக்கக் கிதார் கலைஞர் ரை கூடரும் சேர்ந்து வாசித்த தட்டு. 1993-இல் வெளிவந்து அடுத்த ஆண்டு கிராமி விருது பெற்றது. இருவரும் முதன்முதலாகச் சந்தித்து ஒரு மணி நேரம்கூட ஆகாத நிலையில் பதிவு தொடங்கிவிட்டது. தபலாவும், கூடரின் பதின்ம வயது மகன் வாசித்த ஒரு கைப்பறையும் துணைக்கு உண்டு. வேறு யாரும் இல்லை.

இதை நம்மவர்கள் அவசியம் கேட்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் ஒலிப்பதிவாளர். வாட்டர் லில்லி அகூஸ்டிக்ஸ் என்ற நிறுவனத்தை நடத்திய கவிச்சந்திரன் அலெக்சாண்டர், இலங்கையில் பிறந்தவர். கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஒரு தேவாலயத்துக்குள், வெற்றிடக் குழாய் கருவிகளையும் காந்த நாடாவையும் கொண்டு பதிவு செய்தார். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு மைக் என்று பிரிக்காமல், ஒரே இடத்தில் வைத்த ஒரு ஜோடி மைக்கில் நால்வரையும் அந்தக் கூடத்தின் காற்றோடு சேர்த்துப் பிடித்துவிட்டார். நல்ல ஸ்பீக்கரில் கேட்கும்போது வாத்தியங்களுக்குப் பின்னால் ஒரு கட்டடம் இருப்பது தெரியும். முதல் உருப்படியில் கூடரின் கம்பி ஓய்ந்த பிறகு அந்த ஒலி எவ்வளவு தூரம் போய் மறைகிறது என்பதில் காதை வையுங்கள். இந்துஸ்தானியும் புளூஸும் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

நீங்கள் இப்போது எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்?

இந்த மழைக்காலம் முழுக்க இரண்டு தட்டுகள்.

ஒன்று, இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. 1986-இல் வந்தது; திரைப்படத்துக்கு அல்லாமல் தனி ஆல்பமாகவே அவர் அமைத்தது. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ்குக்கும் காணிக்கை என்று அதிலேயே குறிப்பிட்டிருக்கிறார். வி.எஸ். நரசிம்மன் தனி வயலின். தன் வீட்டில் பாஹ்கைச் சந்தித்ததாகப் பெயரிட்ட உருப்படியில், பாஹ்கின் தனி வயலின் பார்ட்டிடா (பல சிறு உருப்படிகளைக் கோத்த தொகுப்பு) ஒன்றின் முன்னுரை அப்படியே வந்து, பிறகு வேறு குரல்களோடு உரையாடத் தொடங்கும். கைபேசியில் கேட்டால் எல்லாம் ஒரே வயலின் கூட்டமாகத் தோன்றும். இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே உட்கார்ந்து கேட்டபோது, தனி வயலின் முன்னே நிற்க, மற்றவை எங்கிருந்து பதில் சொல்கின்றன என்று பிரித்தறிய முடிந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கேட்டுவந்த இசையில் அதுவரை நான் கேட்காத ஒரு தாழ்ந்த குரல் இருந்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மற்றொன்று, சக்தி குழுவின் முதல் தட்டு. 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் சவுத் ஹாம்ப்டன் கல்லூரியில் நேரடிக் கச்சேரியாகப் பதிவாகி, அடுத்த ஆண்டு வெளிவந்தது. ஜான் மெக்லாக்லினின் கிதார், எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, ராமநாதபுரம் ராகவனின் மிருதங்கம், விக்கு விநாயகராமின் கடம். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் கூடத்துக்கு வருவார். அவர் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னது: "கடத்தின் வாய் வயிற்றில் சாய்வதும் விலகுவதும்கூடக் கேட்கிறதே." உண்மைதான். வயிற்றில் பானையின் வாயை அழுத்தும்போது ஒலி உள்வாங்கி ஆழமாகிறது, விலக்கும்போது திறக்கிறது. சிறிய ஸ்பீக்கர்களில் இந்த இடமே காணாமல் போய்விடும்.

இந்தத் தட்டின் இரண்டாம் பக்கம் ஏறக்குறைய 29 நிமிடம். அவ்வளவு நீளத்தை ஒரே பக்கத்தில் அடக்க வேண்டுமானால் வரிப்பள்ளங்களை நெருக்கமாகவும் ஆழம் குறைத்தும் வெட்ட வேண்டும். அதனால் ஒலி சற்றுத் தாழ்ந்திருக்கும். பக்கம் திருப்பியதும் ஒலியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். உங்கள் கருவியில் பழுது எதுவும் இல்லை.

சினிமா ஆல்பம் கொண்டுவரலாமா?

தாராளமாக. ஒரே ஒரு வேண்டுகோள்: படத்தின் காட்சிகளைப் பற்றிப் பேசாமல், பாட்டுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

ஒரே ஆல்பத்துக்குப் பல பதிப்புகள் இருக்கின்றனவே, எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றில்லை. சில நேரம் சுருதியே வேறு.

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' ஜாஸ் கேட்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த தட்டு. 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில் நியூயார்க்கில் பதிவானது. மார்ச் மாதப் பதிவின்போது பிரதான நாடாக் கருவி சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடும் கருவியில் பதிவானதைச் சரியான வேகத்தில் ஓடவிட்டால் இசை வேகமாகும், சுருதி ஏறும். அதனால் முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் அரைச் சுரத்துக்கும் குறைவான ஓர் அளவு உயர்ந்த சுருதியிலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலகெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தன. அதே நேரத்தில் பாதுகாப்புக்காக ஓடவிட்டிருந்த இரண்டாவது கருவி சரியான வேகத்தில் ஓடியிருந்தது. அந்த நாடாவிலிருந்து எடுத்துத் திருத்திய பதிப்பு 1990-களில் வந்தது.

எங்கள் கூடத்தில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டோம். வயலின் கற்றுத்தரும் அம்மா ஒருவர், நான் எதுவும் சொல்வதற்கு முன்பே, "முதலில் போட்டதில் சுருதி கொஞ்சம் ஏறியிருக்கிறது" என்றார். ஆம்ப்ளிஃபயருக்கும் கம்பிகளுக்கும் காசைக் கொட்டுகிறவர்கள் கண்டுபிடிக்காததைத் தம்புராவோடு வளர்ந்த காது அரை நிமிடத்தில் பிடித்துவிட்டது.

வாங்கும்போது பழைய பதிப்பு, புதிய பதிப்பு என்று பொத்தாம்பொதுவாக நம்பாதீர்கள். 1990-களின் நடுப்பகுதியிலிருந்து வந்த மறுபதிப்புகள் பலவற்றில், கடையிலும் காரிலும் உரத்துக் கேட்க வேண்டும் என்பதற்காக மென்மையான இடங்களையெல்லாம் தூக்கி, உரத்த இடங்களோடு சமப்படுத்திவிட்டார்கள். மூச்சு வாங்க இடமில்லாத இசை அது. பத்து நிமிடத்தில் காது களைத்துவிடும். முடிந்தால் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ரெக்கார்டு நல்லதா, சிடி நல்லதா, ஸ்ட்ரீமிங் நல்லதா?

எது உங்களை உட்காரவைக்கிறதோ அது. அளவுகோல் வைத்துப் பேசினால் சிடி மிகத் துல்லியமானது: நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதுகிறது. மனிதக் காது கேட்கும் எல்லைக்கு அது போதும். ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கிய கணினிக் கோப்பும் அதே தரத்தைத் தரும். ரெக்கார்டில் கீறல் ஒலி உண்டு. தட்டின் உட்புறத்துக்குப் போகப் போகத் தெளிவும் குறையும். சுழலும் வேகம் மாறாது. ஆனால் வெளி விளிம்பில் நொடிக்கு 50 சென்டிமீட்டர் பள்ளம் ஊசிக்குக் கீழே ஓடுகிறது என்றால், நடுவில் 21 சென்டிமீட்டர்தான் ஓடுகிறது. அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் தெரிந்தும் நான் ரெக்கார்டைத்தான் அதிகம் கேட்கிறேன். எழுந்து போய்த் திருப்ப வேண்டும் என்பதால் இருபது நிமிடத்துக்கு வேறெங்கும் போகமாட்டேன். அட்டை பெரிது, யார் வாசித்தார்கள், எங்கே பதிவானது என்று படித்துக்கொண்டே கேட்கலாம். கைபேசியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பிக் கேட்கும் இளைஞர்கள் எங்களோடு இருக்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்த ஆல்பங்கள் வழியாகத்தான் எனக்கு மாலி, கியூபா இசையெல்லாம் அறிமுகம்.

புதிதாக ஒலியமைப்பு வாங்கப் போகிறேன். எதற்கு அதிகம் செலவிடலாம்?

ஸ்பீக்கருக்கு. கையிலுள்ள பணத்தில் பாதியாவது அதற்குப் போகட்டும். வாங்கும் முன் உங்களுக்கு நெருக்கமாகத் தெரிந்த ஒரு மனிதக் குரலைப் போட்டுக் கேளுங்கள். நான் எடுத்துப் போவது எம்.எஸ். சுப்புலட்சுமியின் 1963 சுப்ரபாதத் தட்டு. விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியிலும் பக்கத்து வீட்டு வானொலியிலும் கேட்டே வளர்ந்ததால், அந்தக் குரலில் ஏதேனும் கூடினாலும் குறைந்தாலும் நம் உடம்பே சொல்லிவிடும். அவரோடு சேர்ந்து பாடும் ராதாவின் குரல் தனியாகப் பிரிந்து தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டு குரலும் ஒரே குரலாகக் கரைந்துவிட்டால் வேறு ஸ்பீக்கர் பார்க்கலாம். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் கம்பிகளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

நல்ல ஸ்பீக்கர்தான் வாங்கினேன். ஆனால் வீட்டில் எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. ஏன்?

உங்கள் வீட்டில் மொசைக்கோ டைல்ஸோ போட்டிருப்பார்கள், சுவர் பூச்சு வழவழவென்று இருக்கும், ஜன்னலில் கண்ணாடி. நம் ஊர் வீடுகள் வெயிலுக்காகக் கட்டப்பட்டவை. குளிர்ச்சிக்கு நல்லது; இசைக்கு அல்ல. அறை நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். தட்டல் 'டர்ர்' என்று நடுங்கி மறைந்தால் ஒலி எதிரெதிர்ச் சுவர்களில் பந்துபோல் மோதித் திரிகிறது என்று பொருள்.

கடையில் விற்கும் ஒலியடக்கப் பலகைகள் எதையும் நாங்கள் வாங்கவில்லை. தரையில் பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரித்தோம். ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவரில் அப்பாவின் புத்தக அலமாரியை நகர்த்தினோம். உயரமும் தடிமனும் ஒழுங்கில்லாத புத்தக வரிசை ஒலியைச் சிதறடிக்கும். பக்கச் சுவர்களில் கனத்த பருத்தித் திரை. இவ்வளவும் மேல்சுரங்களைத்தான் அடக்கும். தாழ்ந்த ஒலி மூலைகளில் போய்த் தங்கும். அதற்குத் தடிமன் வேண்டும். பரணில் கிடந்த இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டைச் சுருட்டிக் கட்டி, இரண்டு மூலைகளிலும் நிறுத்தினோம். மிருதங்கத்தின் இடந்தலை அன்றுதான் தெளிவாகக் கேட்டது.

பிறகு ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடியாவது முன்னால் இழுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் ஒரு சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். ஸ்பீக்கரில் மேல்சுரங்களைத் தரும் சிறிய கூம்பு காதின் உயரத்தில் இருக்க வேண்டும். ஷோகேஸில் பொம்மைகளுக்கு நடுவே வைத்த ஸ்பீக்கரிலிருந்து நல்ல ஒலி வராது. வீட்டில் இருப்பவர்களைச் சம்மதிக்கவைக்க அழைத்து உட்காரவைத்து, முன்னும் பின்னும் ஒரே பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு என் மனைவியே மெத்தையை நகர்த்த விடுவதில்லை.

ஃபேனை ஏன் நிறுத்துகிறீர்கள்?

ஓடும் இறக்கைகள் நீண்ட சுரத்தை நறுக்கி நடுங்கவைக்கும். புல்லாங்குழலிலும் பியானோவிலும் நன்றாகத் தெரியும். ஒரு பக்கம் இருபது நிமிடம்தான், திருப்பும்போது போட்டுவிடுவோம். பனையோலை விசிறிகள் வைத்திருக்கிறோம், அவை பரவாயில்லை.

அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த டர்ன்டேபிளில் எல்லாப் பாட்டும் சோகமாக இழுக்கிறது. பழுதா?

பழுதில்லை. முதலில் அது 120 வோல்ட் கருவியா என்று பாருங்கள். நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் எரிந்துவிடும். மின்மாற்றி வைத்தீர்கள் என்றால் வோல்டேஜ் சரியாகும், அதிர்வெண் மாறாது. அங்கே மின்சாரம் நொடிக்கு 60 சுற்று, இங்கே 50. அந்தக் காலத்து டர்ன்டேபிள்கள் பலவற்றின் மோட்டார் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பார்த்தே சுழலும். ஆறில் ஐந்து பங்கு வேகம் என்றால் சுருதி கிட்டத்தட்ட மூன்று அரைச் சுரம் கீழே இறங்கும். அதாவது சாதாரண காந்தாரத்துக்கும் சட்ஜத்துக்கும் உள்ள தூரம். சில மாடல்களில் மோட்டாரின் பித்தளைக் கப்பியை மட்டும் 50 சுற்றுக்கு உரியதாக மாற்றினால் போதும்.

டர்ன்டேபிளை ஆம்ப்ளிஃபயரில் மாட்டினேன். சத்தம் கொசு போலக் கேட்கிறது.

ஃபோனோ என்று எழுதிய துளையில் மாட்டினீர்களா? இல்லையென்றால் ஃபோனோ பெருக்கி ஒன்று தனியாக வேண்டும். ஊசியிலிருந்து வருவது சில ஆயிரத்தில் ஒரு பங்கு வோல்ட்தான். சிடி பிளேயர் தருவது இரண்டு வோல்ட். அதோடு, தட்டை வெட்டும்போது தாழ்ந்த சுரங்களைக் குறைத்து மேல்சுரங்களைக் கூட்டியே எழுதுகிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் பள்ளம் அகன்று ஒரு பக்கத்தில் பத்து நிமிடம்கூட அடங்காது. ஃபோனோ பெருக்கி அதைத் திருப்பிச் சரிசெய்கிறது. 1950-களின் நடுவில் அமெரிக்காவில் இதற்கு ஒரே அளவை ஏற்றுக்கொண்டார்கள்; பிறகு உலகம் முழுவதும் அதுவே நிலைத்தது.

தாத்தாவின் ரெக்கார்டுகள் பரணில் கிடக்கின்றன. கேட்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் அவசரப்பட்டு ஓடவிடாதீர்கள். கையில் எடுத்தால் கனமாகவும் ஓட்டைப்போல் உடையக்கூடியதாகவும் இருந்தால் அது அரக்குத் தட்டு, 78 சுற்று. அதற்குத் தனி ஊசி வேண்டும். எல்பி ஊசி அதன் அகன்ற பள்ளத்தின் அடியில் உரசித் தானும் கெடும். வளைந்துகொடுத்தால் வினைல்.

வினைலைக் காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்மையான பாத்திர சோப்பு விட்டு, பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாக, மென்துணியால் துடையுங்கள். நடுவிலுள்ள காகிதத்தில் ஈரம் படக்கூடாது. மறுபடி வெறும் நீரில் துடைத்து, நிழலில் நிறுத்திவைத்து உலர்த்துங்கள். அரக்குத் தட்டில் மட்டும் ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் படக்கூடாது, அரக்கு கரைந்துவிடும். பெயர் எழுதிய இடத்தில் தாத்தாவின் கையெழுத்து இருந்தால், துடைப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துவையுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் உறைக்குள் பூஞ்சை வரும். உள்ளுறையை மாற்றுங்கள். படுக்கவைத்து அடுக்காமல் புத்தகம்போல் நிறுத்தியே வையுங்கள். சித்திரை வெயிலில் காரில் வைத்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். அப்படி ஒருமுறை நான் போய்த் திரும்பியபோது, ஒன்பது ஆண்டுகளாகத் தேடிக் கிடைத்த புல்லாங்குழல் தட்டு அப்பளம்போல் நெளிந்திருந்தது. இன்னமும் அதை வைத்திருக்கிறேன். தூக்கிப்போட மனம் வரவில்லை.

ஊசியை எப்போது மாற்றுவது?

சாதாரண ஊசி ஐந்நூறு மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தால் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். தேய்ந்த ஊசி அரிய தட்டை ஒரே மாலையில் பாழாக்கிவிடும். தட்டு திரும்பக் கிடைக்காது.

எவ்வளவு உரக்கக் கேட்கிறீர்கள்?

பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்குமளவு. அமெரிக்கத் தொழிலிட நல ஆய்வு நிறுவனம் 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம்தான் பாதுகாப்பானது என்கிறது; 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும். நாங்கள் அதற்கு வெகு கீழேதான் நிற்கிறோம். அறை அமைதியாக இருந்தால் ஒலியைக் கூட்ட வேண்டிய தேவையே எழாது.

ஆல்பத்தை அறிமுகப்படுத்தி இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்கிறீர்கள். எனக்கு இசை இலக்கணம் தெரியாது. என்ன சொல்வது?

இந்தக் கேள்விக்குத்தான் இந்த முழுப் பக்கத்தையும் எழுதினேன் என்று சொல்லலாம். "அருமையான ஆல்பம், கட்டாயம் கேளுங்கள்" என்று சொன்னால் கேட்பவர் கையில் எதுவும் மிஞ்சாது. மதிப்பெண் போடுவதும் அப்படித்தான். காதை எங்கே வைப்பது என்று ஓர் இடத்தைக் காட்டுங்கள். "மூன்றாவது பாட்டில் பாடகி சரணத்துக்குள் நுழையும் முன் ஒரு மூச்சு எடுக்கிறார், அதைக் கேளுங்கள்." "இரண்டாம் பக்கத்தில் பாஸ் வாசிப்பவர் ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார், எப்போது விடுகிறார் என்று பாருங்கள்." அந்த ஓர் இடத்துக்காகக் காத்திருக்கும்போது மற்ற எல்லாவற்றையும் கேட்டுவிடுவோம்.

எந்தக் கருவியில் கேட்டீர்கள் என்பதைவிட எப்போது கேட்டீர்கள் என்று சொல்லுங்கள். கல்லூரி மாணவி ஒருவர், தேர்வில் தோற்ற வாரம் முழுக்க ஒரே ஆல்பத்தைக் கேட்டதாகச் சொல்லிவிட்டு ஊசியை வைத்தார். அன்று எங்களில் யாருக்கும் கவனம் சிதறவில்லை.

கேட்டது பிடிக்கவில்லை என்றால் சொல்லலாமா?

சொல்லுங்கள், முழுதும் கேட்ட பிறகு. எந்த இடத்தில் விலகினீர்கள் என்றும் சொல்லுங்கள். பொன்மலைப் பெரியவருக்கு ஜாஸ் டிரம்ஸ் பிடிப்பதில்லை. அவர் அதைச் சொன்ன விதத்தில்தான் தகட்டில் துடைப்பம்போல் இழுக்கும் குச்சியின் ஒலியை நான் முதன்முதலாகக் கவனித்தேன்.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

வாருங்கள். ஒரு பக்கம் முழுக்க உட்கார முடியாத குழந்தைக்கு மாடியில் இடம் இருக்கிறது. தட்டின் ஓரத்தைப் பிடித்து உறையில் போடும் வேலையை ஒன்பது வயதுப் பையன் ஒருவன்தான் எங்களுக்கு இப்போது செய்கிறான். இதுவரை ஒரு விரல்ரேகை படவில்லை.

அடுத்த மாதம் என்ன கேட்கப் போகிறோம்?

முதன்முறையாக ஒரே மாலையில் இரண்டு ஆல்பம். உண்மையில் இரண்டும் ஒன்றே. ஒரே அடிப்படையின் மேல் பல மாற்றுருவங்களாக விரியும் பாஹ்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ், கிளென் கூல்ட் பியானோவில். முதல் பதிவு 1955-இல், அவருக்கு 22 வயது இருக்கும்போது, 38 நிமிடம். இரண்டாவது 1981-இல், 51 நிமிடம். அது பதிவான அடுத்த ஆண்டிலேயே, ஐம்பது வயதில் அவர் இறந்துவிட்டார். இரண்டும் பதிவானது நியூயார்க்கின் 30-ஆம் தெருவில், தேவாலயமாக இருந்து ஒலிப்பதிவுக்கூடமாக மாறிய ஒரே கட்டடத்தில். 'கைண்ட் ஆஃப் புளூ' பதிவானதும் அங்கேதான்.

கூல்ட் வாசிக்கும்போது தன்னை மறந்து முனகுவார். பியானோவுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்கும். இரண்டு பதிவிலும் தொடக்கத்தில் வரும் மெல்லிசைப் பகுதியே முடிவிலும் திரும்ப வருகிறது. 1981-இல் அவர் அதை எவ்வளவு மெதுவாகத் தொடங்குகிறார் என்று கவனித்துவையுங்கள்.

மாலை ஐந்தரைக்குத் தொடங்குவோம். நீங்கள் வரும்போது ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தால் அழைப்பு மணியை அடிக்க வேண்டாம். கதவைத் தாழிட்டிருக்க மாட்டோம். திண்ணையில் உட்கார்ந்திருங்கள். அங்கேயும் நன்றாகவே கேட்கும்.